காய்ச்சல் விட்டது, உதட்டில் கொப்புளம் வந்தது: மலேரியா எழுப்பிவிடும் 'தூங்கும்' வைரஸ்கள்

ராயபுரத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் 26 வயது இளைஞர். திங்கள்கிழமை மாலை பல் கிட்டிக்கும் அளவுக்குக் குளிர். இரண்டு போர்வை போட்டும் அடங்கவில்லை. அடுத்து அனலாகக் காய்ச்சல். பிறகு சட்டை நனைய வியர்த்து, காய்ச்சல் விட்டுவிடுகிறது. செவ்வாய்க்கிழமை ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. புதன்கிழமை அதே நேரத்துக்கு மறுபடியும் குளிர். மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விடுகிறார். சனிக்கிழமை கண்ணாடியில் பார்த்தால், கீழுதட்டின் ஓரத்தில் கொத்தாக நீர்க் கொப்புளங்கள்.

வீட்டில் கிடைக்கும் விளக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "ஒடம்பு சூடு ஏறிப்போச்சுடா. எளநி குடி, சரியாப் போயிடும்."

இது ஒரு மாதிரிக் காட்சிதான். ஆனால், மலேரியா நோயாளிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் அந்தக் கொப்புளம் புதிதல்ல. அதைச் 'சூடு' என்று சொல்வதில் முழுத் தவறும் இல்லை. காய்ச்சலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது சூட்டினால் பொங்கிய கொப்புளம் அல்ல. பல வருடங்களாக அந்த இளைஞரின் நரம்புக்குள் சத்தமில்லாமல் இருந்த ஒரு வைரஸ் விழித்துக்கொண்டதன் அடையாளம்.

கொசுவால் வரும் ஓர் ஒட்டுண்ணி நோய், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வைரஸை எப்படி எழுப்புகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆராய்ச்சி, ஆப்பிரிக்கக் குழந்தைகளின் புற்றுநோயில் தொடங்கி எச்.ஐ.வி வரை போயிருக்கிறது. அதிலிருந்து எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நடைமுறைச் செய்தி ஒன்றும் இருக்கிறது.

நமக்குள்ளேயே குடியிருக்கும் வைரஸ்கள்

சளி, காய்ச்சல் தரும் பெரும்பாலான வைரஸ்கள் வந்து, ஆட்டம் காட்டிவிட்டு, உடலை விட்டுப் போய்விடும். ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் அப்படிப் போவதில்லை. ஒருமுறை உள்ளே வந்தால் ஆயுள் முழுக்க வாசம்தான்.

உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்-1 வைரஸ், முகத்துக்கு வரும் நரம்பின் முடிச்சில் ஒளிந்துகொள்கிறது. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. சின்ன வயதில் அம்மை போட்டவர்களிடம், அந்தச் சின்னம்மை வைரஸ் முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடுகிறது. பின்னாளில் அது கிளம்பினால் 'அக்கி' என்கிறோம்.

மூன்றாவதாக எப்ஸ்டைன்-பார் வைரஸ். பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் உலகின் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் இது இருக்கிறது. எச்சில் வழியாகப் பரவும். நம் நாட்டில் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, அறிகுறி எதுவும் தெரியாமலேயே வந்துவிடும். இது ஒளியும் இடம்தான் விசேஷம். நோய் எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கும் 'பி' செல்களுக்குள்ளேயே குடியிருக்கிறது. சைட்டோமெகலோ வைரஸும் இதே குடும்பம்தான்.

இப்படி ஒளிந்திருக்கும் நிலையைத்தான் மருத்துவத்தில் 'உறங்குநிலை' என்கிறார்கள். தூக்கம் என்றாலும் அரைத் தூக்கம்தான். அவ்வப்போது ஓரிரு செல்களில் வைரஸ் தலைதூக்கப் பார்க்கும். உடனே 'டி' செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் அந்தச் செல்லைக் கண்டுபிடித்துத் தீர்த்துவிடும், அல்லது வைரஸை அடக்கி வைக்கும். ஆரோக்கியமான உடலில் இந்த ரோந்து நாள் முழுக்க, ஆயுள் முழுக்க நடக்கிறது. நமக்குத் தெரிவதே இல்லை.

ஆகவே கேள்வி 'வைரஸ் இருக்கிறதா?' என்பதல்ல. அது கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருக்கிறது. ரோந்து சரியாக நடக்கிறதா என்பதுதான் கேள்வி.

மலேரியா வந்தால் ரோந்துக்கு என்ன ஆகிறது?

துறைமுகத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். யார்டில் ஒரு மூலையில் பெரிய தீ. கேட்டில் இருப்பவர், ரோந்து போகிறவர் என்று எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள். அந்த நேரத்தில் மற்ற கேட்டுகளில் ஆள் குறைவு. மலேரியா தாக்கும்போது உடலில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் ஆள் குறைவது மட்டும் காரணமல்ல. இன்னும் சில மாற்றங்கள் சேர்ந்து நடக்கின்றன.

முதலாவது, எண்ணிக்கை. கடுமையான மலேரியாக் காய்ச்சலின்போது ரத்தத்தில் லிம்போசைட் எனப்படும் வெள்ளையணுக்கள் குறைகின்றன. 'டி' செல்களும் இவற்றில் அடக்கம். பல செல்கள் மண்ணீரல் போன்ற இடங்களுக்கு நகர்ந்துவிடுகின்றன, சில அழிகின்றன. சிகிச்சைக்குப் பிறகு எண்ணிக்கை பழையபடி ஏறுகிறது.

இரண்டாவது, பிரேக். மலேரியாவை எதிர்த்து உடல் நடத்தும் சண்டை ரொம்பக் கடுமையானது. அது எல்லை மீறினால் மூளை, நுரையீரல் போன்ற உறுப்புகளுக்கே ஆபத்து. அதனால் உடலே பிரேக் போடுகிறது. இன்டர்லூக்கின்-10 என்ற புரதம் அதிகமாகிறது; சண்டையை அடக்கும் 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' கூடுகின்றன. உயிரைக் காப்பாற்றும் இந்த பிரேக், மலேரியா எதிர்ப்பை மட்டும் தனியாகப் பார்த்து அடக்குவதில்லை. வைரஸைக் கண்காணிக்கும் செல்களின் வேகமும் சேர்ந்து குறைகிறது.

மூன்றாவது, தகவல் தொடர்பு. மலேரியா ஒட்டுண்ணி, சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினைத் தின்றுவிட்டு ஒரு கரும்பழுப்பு நிறமியை மிச்சம் வைக்கிறது. இதை விழுங்கும் தற்காப்பு செல்களின் செயல்திறன் மந்தமாகிறது. எதிரி யார் என்று 'டி' செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் செல்களை, ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் முடக்க முடியும் என்பதும் 1990-களின் கடைசியில் ஆய்வகத்தில் காட்டப்பட்டது.

நான்காவது, வைரஸின் வீட்டுக்கே தொந்தரவு. மலேரியா, 'பி' செல்களைக் கூட்டம் கூட்டமாகத் தூண்டிவிடுகிறது. எப்ஸ்டைன்-பார் வைரஸ் குடியிருப்பதே அந்தச் செல்களில்தான். வீடு குலுங்கினால் உள்ளே தூங்குபவர் விழிக்காமல் இருப்பாரா? ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணியின் ஒரு புரதப் பகுதி, வைரஸ் தொற்றிய 'பி' செல்களில் அந்த வைரஸை விழிக்கச் செய்கிறது என்று ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2007-ல் காட்டினார்கள்.

ஆக, காவல் தளர்வதும் வைரஸ் தூண்டப்படுவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. உதட்டில் தெரியும் கொப்புளம் இதன் வெளியடையாளம். ரத்தத்துக்குள் எப்ஸ்டைன்-பார் வைரஸ் எண்ணிக்கை கூடினால் வெளியே எதுவும் தெரியாது.

உகாண்டாவில் தொடங்கிய தேடல்

இந்தத் தொடர்பு முதலில் வெளிச்சத்துக்கு வந்தது புற்றுநோய் வழியாக. உகாண்டாவின் கம்பாலாவில் வேலை பார்த்த அறுவை சிகிச்சை மருத்துவர் டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் வேகமாக வளரும் ஒரு கட்டியைப் பற்றி 1958-ல் எழுதினார். பிறகு ஆப்பிரிக்காவில் ஊர் ஊராகப் போய், அந்தக் கட்டி எங்கெல்லாம் வருகிறது என்று வரைபடம் போட்டார். வெப்பமும் மழையும் உள்ள தாழ்நிலப் பகுதிகளில் அதிகம். குளிர்ந்த மலைப்பகுதிகளில் இல்லை. மலேரியா கடுமையாக இருக்கும் பகுதிகளும் ஏறக்குறைய இவைதான்.

1961-ல் லண்டனில் பர்கிட் பேசியதைக் கேட்ட அந்தோணி எப்ஸ்டைன், அந்தக் கட்டியின் செல்களை வரவழைத்துப் பரிசோதித்தார். 1964-ல் பெர்ட் அச்சாங், இவான் பார் ஆகியோருடன் சேர்ந்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு புதிய வைரஸைக் கண்டார். மனிதர்களில் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்பட்ட முதல் வைரஸ் அது. எப்ஸ்டைன், பார் இருவரின் பெயரும் அதற்கு நிலைத்துவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல். வைரஸ் உலகம் முழுக்க இருக்கிறது. இந்தக் கட்டி மட்டும் ஏன் மலேரியா பூமியில் அதிகம்?

1984-ல் காம்பியாவிலிருந்து ஒரு முக்கியமான பதில் வந்தது. ஹில்டன் விட்டில் தலைமையிலான குழு, கடுமையான ஃபால்சிபாரம் மலேரியாவோடு வந்தவர்களின் ரத்தத்தை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தது. சாதாரணமாக, எப்ஸ்டைன்-பார் வைரஸ் புகுந்த 'பி' செல்கள் பெருக ஆரம்பித்தால், அதே நபரின் 'டி' செல்கள் அவற்றை அடக்கிவிடும். மலேரியாக் காய்ச்சலில் இருந்தவர்களின் 'டி' செல்களால் அது முடியவில்லை. உடல் தேறிய பிறகு அந்தத் திறன் திரும்பியது. 'நேச்சர்' இதழில் வந்த இந்த ஆய்வுதான், 'மலேரியா தாக்கும்போது வைரஸ் மீதான பிடி தளர்கிறது' என்பதற்கு நேரடிச் சான்றாக நின்றது.

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் படத்தை நிறைவு செய்தன. கென்யாவில் மலேரியா ஆண்டு முழுக்கப் பரவும் கிசுமு பகுதிக் குழந்தைகளையும், எப்போதாவது மட்டுமே மலேரியா வரும் நாண்டி மலைப்பகுதிக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். கிசுமுக் குழந்தைகளின் ரத்தத்தில் வைரஸ் அளவு அதிகம் என்று 2005-ல் வெளியான ஆய்வு சொன்னது. கம்பாலாவில் மலேரியாவோடு வந்த குழந்தைகளுக்கு மலேரியா மருந்து மட்டும் கொடுத்துக் கவனித்தார்கள். சிகிச்சைக்குப் பிறகு ரத்தத்தில் இருந்த எப்ஸ்டைன்-பார் வைரஸ் மரபணுப் பொருளும் குறைந்துபோனது.

இந்தக் கடைசித் தகவலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வைரஸுக்கு மருந்து எதுவும் தரவில்லை. மலேரியாவை அடித்ததும், காவல் திரும்பி வந்து வைரஸைத் தானாகவே அடக்கிவிட்டது.

அப்படியென்றால் வடசென்னையில் புற்றுநோய் பயமா?

இல்லை. இதில் தெளிவாக இருப்பது நல்லது.

பர்கிட் புற்றுநோயோடு தொடர்புள்ளது ஃபால்சிபாரம் மலேரியா. அதுவும் ஆண்டு முழுக்கக் கடுமையாகப் பரவும் இடங்களில், குழந்தைகளைத் திரும்பத் திரும்பத் தாக்கும் மலேரியா. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2012-ல் மலேரியாவைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் சேர்த்தபோதும், ஃபால்சிபாரம் மிகக் கடுமையாகப் பரவும் பகுதிகள் என்றே குறிப்பிட்டது. அங்கேகூட மலேரியா வந்த மிகச் சில குழந்தைகளுக்குத்தான் அந்தப் புற்றுநோய் வருகிறது.

சென்னையின் கதை வேறு. இங்கே பெரும்பாலும் வருவது 'வைவாக்ஸ்' வகை. அது ஒன்றுவிட்டு ஒரு நாள் குளிரோடு வரும் முறைக்காய்ச்சல். வைவாக்ஸிலும் லிம்போசைட் குறைவதும் இன்டர்லூக்கின்-10 கூடுவதும் பதிவாகியிருக்கின்றன. உதட்டுக் கொப்புளமும் வரத்தான் செய்கிறது. ஆனால் ஒருமுறை வந்து, மருந்து எடுத்து, குணமான இளைஞருக்குக் காவல் சில வாரங்களில் சரியாகிவிடும். கொப்புளம் ஏழு முதல் பத்து நாளில் காய்ந்துவிடும்.

கவலைப்பட வேண்டியது, காவல் ஒருமுறை தளர்வதைப் பற்றி அல்ல; திரும்பத் திரும்பத் தளர்வதைப் பற்றி. வைவாக்ஸ் மலேரியாவில் அந்த ஆபத்து கூடவே வருகிறது.

வைவாக்ஸும் தூங்கும் கள்ளன்தான்

ஹெர்பிஸ் குடும்பம் மட்டும்தான் ஒளிந்துகொள்ளும் என்றில்லை. வைவாக்ஸ் ஒட்டுண்ணிக்கும் அதே வித்தை தெரியும். கொசு கடித்ததும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குப் போகிறது. ஒரு பகுதி பெருகி ரத்தத்துக்கு வந்து காய்ச்சலை உண்டாக்குகிறது. இன்னொரு பகுதி கல்லீரல் செல்லுக்குள் அப்படியே உறங்கிவிடுகிறது. சில வாரங்கள், சில மாதங்கள் கழித்து அது விழிக்கும். புதிதாகக் கொசு கடிக்காமலேயே மலேரியா திரும்ப வரும்.

இதனால்தான் வைவாக்ஸுக்கு இரண்டு மருந்து. மூன்று நாள் தரப்படும் குளோரோகுயின், ரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணியை அழித்துக் காய்ச்சலை நிறுத்துகிறது. 14 நாள் தரப்படும் பிரைமாகுயின், கல்லீரலில் தூங்கும் ஒட்டுண்ணியை அழிக்கிறது. தேசிய சிகிச்சை வழிகாட்டி சொல்லும் முறை இது.

சிக்கல் நான்காம் நாள் ஆரம்பிக்கிறது. காய்ச்சல் விட்டுவிட்டது, பசி எடுக்கிறது, உடம்பில் தெம்பு வந்துவிட்டது. "நல்லாதானே இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை?" காசிமேட்டிலிருந்து விசைப்படகில் ஏறினால் கரை திரும்பப் பல நாள் ஆகும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. துறைமுகத்துக்கு வரும் டிரெய்லர் டிரைவருக்கு எந்த ஊரில் எந்த நாள் என்று அவருக்கே தெரியாது. மீதி மாத்திரைகள் அலமாரியில் தங்கிவிடுகின்றன.

அந்த ஒட்டுண்ணி விழிக்கும்போது காய்ச்சல் திரும்புகிறது, ரத்தம் குறைகிறது, கண்காணிப்பும் மறுபடி தளர்கிறது. நரம்பிலும் 'பி' செல்லிலும் காத்திருக்கும் வைரஸ்களுக்கு இன்னொரு வாய்ப்பு. கூடவே, அந்த வீட்டுக் கொசு கடித்தால் பக்கத்து வீட்டுக்கும் மலேரியா. 14 நாள் மாத்திரையை முடிப்பது என்பது இவை எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

பிரைமாகுயினை மருத்துவர் சொல்லாமல் யாரும் சாப்பிடக் கூடாது. ஜி6பிடி என்ற என்ஸைம் குறைபாடு உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தரப்படுவதில்லை. மருந்து எடுக்கும்போது சிறுநீர் கறுத்துப் போனாலோ, கண் மஞ்சளானாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வடசென்னையில் மலேரியா எங்கிருந்து வருகிறது?

"கால்வாய் நாத்தம், கொசு, மலேரியா" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். பக்கிங்ஹாம் கால்வாயின் சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு தூக்கத்தைக் கெடுக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும். மலேரியாவைப் பரப்பாது.

சென்னையில் மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி. இதற்கு வேண்டியது நல்ல தண்ணீர். மூடி சரியில்லாத மாடித் தொட்டி, கிணறு, சம்ப், லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம், கட்டுமான இடத்துத் தொட்டி: இவையே அதன் வீடு. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத தெருவில் தண்ணீரைச் சேர்த்து வைக்காமல் இருக்க முடியாது. சேர்த்து வைக்கும் தண்ணீரே கொசுவுக்கு இடமாகிறது. பல ஆண்டுகள் தமிழ்நாட்டின் மலேரியா நோயாளிகளில் பாதிக்கு மேல் சென்னை நகரத்தில் மட்டுமே பதிவானதற்கு இந்தக் கொசுவும் இந்தத் தண்ணீர்ப் பழக்கமும் முக்கியக் காரணங்கள்.

வடசென்னையில் இன்னொன்றும் சேர்கிறது: ஆள் நடமாட்டம். ராயபுரம், தண்டையார்பேட்டை, மணலி, எண்ணூர் வட்டாரத்துக்கு மலேரியா அதிகமுள்ள மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வருகிறார்கள். ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தும் காய்ச்சல் இல்லாதவர்கள் அவர்களில் இருக்கலாம், அவர்களுக்கே தெரியாது. இதில் அவர்கள் மீது குற்றமில்லை. பத்துப் பேர் ஒரு அறையில், மூடியில்லாத டிரம்மோடு தங்க வைப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

துறைமுகங்களுக்கும் இந்தக் கொசுவுக்கும் உறவு உண்டு. 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி துறைமுக நகரத்தில் ஸ்டீஃபன்சி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, அந்தக் கண்டத்தின் பல நாடுகளுக்கு அது பரவியிருக்கிறது. மலேரியா இல்லாத நாடு என்று 2016-ல் சான்று பெற்ற இலங்கையிலும், அதன் பிறகு மன்னாரில் இந்தக் கொசு காணப்பட்டது.

நல்ல செய்தியும் உண்டு. இந்தியாவில் 2015-ல் சுமார் 11.7 லட்சமாக இருந்த மலேரியா பாதிப்பு, 2023-ல் சுமார் 2.27 லட்சமாகக் குறைந்திருக்கிறது. 2030-க்குள் ஒழிப்பதே இலக்கு. ஆனால் எண்ணிக்கை குறையக் குறைய ஒரு புதுப் பிரச்சினை: காய்ச்சல் என்றதும் எல்லோருக்கும் டெங்குதான் ஞாபகம் வருகிறது. மலேரியா யோசனை கடைசியில் வருகிறது. சில நேரம் வருவதே இல்லை.

அக்கி எழுதுவதா, டாக்டரைப் பார்ப்பதா?

மலேரியா எழுப்பக்கூடிய இன்னொரு வைரஸ் சின்னம்மை வைரஸ். பாப்புவா நியூ கினியில் மலேரியாவைத் தொடர்ந்து குழந்தைகளுக்கு அக்கி வந்ததை 1980-களிலேயே ஒரு மருத்துவ ஆய்விதழ் பதிவு செய்திருக்கிறது. இளம் வயதில் அக்கி வருவது குறைவு; ஆனால் பெரிய காய்ச்சலுக்குப் பிறகு வந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

உடம்பின் ஒரு பக்கம் மட்டும், பட்டை போட்ட மாதிரி, முதலில் எரிச்சலும் வலியும், பிறகு கொப்புளங்களும் வந்தால் அது அக்கியாக இருக்கலாம். நம் ஊரில் குயவரிடம் போய்க் காவிமண்ணால் 'அக்கி எழுதிக்கொள்ளும்' வழக்கம் இன்னும் இருக்கிறது. கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைந்தவுடன் எரிச்சல் குறைந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. ஈர மண்ணின் குளிர்ச்சி கொஞ்சம் இதம் தரலாம். வைரஸை அது தொடுவதில்லை.

இங்கே நேரம் முக்கியம். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் நல்ல பலன். தாமதமானால், கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலி நீடிக்கும் வாய்ப்பு உண்டு, குறிப்பாக வயதானவர்களுக்கு. நெற்றியிலோ, கண்ணுக்குப் பக்கத்திலோ, மூக்கு நுனியிலோ வந்தால் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், பார்வைக்கே ஆபத்து.

எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு

இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் வழிநடத்திய ஆய்வில். இன்று மாத்திரையைத் தவறாமல் எடுப்பவர்கள் நீண்ட காலம் ஆரோக்கியமாக வாழ்கிறார்கள். மாத்திரை எடுக்காத நிலையில் மலேரியா என்ன செய்யும் என்பதை ஆப்பிரிக்காவின் மலாவியில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வு காட்டியது. மலேரியாக் காய்ச்சலின்போது ரத்தத்தில் எச்.ஐ.வி அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. மலேரியா குணமாகிச் சுமார் இரண்டு மாதங்களில் பழைய அளவுக்கு இறங்கியது.

அதனால் எச்.ஐ.வி சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், ஸ்டீராய்டு அல்லது கீமோதெரபி எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் காய்ச்சலை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இவர்களுக்கு ரோந்து ஏற்கெனவே குறைவு. மலேரியா அதையும் இழுத்துக்கொள்ளும்.

சரி, என்ன செய்யலாம்?

காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் மலேரியா பரிசோதனையும் மருந்தும் இலவசம். ராயபுரம் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும், தண்டையார்பேட்டையில் அரசு தொற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. டெங்குவுக்கு ரத்தம் எடுக்கும்போதே "மலேரியாவும் பாத்துடுங்க" என்று கேட்கலாம்.

கொப்புளத்தை வைத்து நோயை முடிவு செய்ய வேண்டாம். உதட்டுக் கொப்புளம் எந்தக் காய்ச்சலிலும் வரலாம். தூக்கமின்மை, மன அழுத்தத்திலும் வரும். ஆனால் விட்டுவிட்டுக் குளிர் காய்ச்சல் வந்து, கூடவே கொப்புளமும் இருந்தால், 'சூடு' என்று விட்டுவிடாமல் பரிசோதனைக்குப் போக அது ஒரு காரணம்.

கொப்புளத்தைக் கிள்ள வேண்டாம். அது ஆறும்வரை குழந்தையை முத்தமிடுவதையும், டம்ளர், துண்டு பகிர்வதையும் தவிர்க்கலாம். தொட்ட கையோடு கண்ணைத் தேய்க்கக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு போட்டால் வைரஸுக்குத்தான் வசதி.

14 நாள் என்றால் 14 நாள். போனில் அலாரம் வைக்கலாம். வெளியூர், கடல் வேலைக்குப் போகிறவர்கள் மாத்திரையைக் கையோடு எடுத்துப் போகலாம். கூட வேலை பார்ப்பவருக்கு மலேரியா என்றால், காய்ச்சல் விட்டதும் ஷிஃப்டுக்கு அழைப்பதோடு நிற்காமல், "மாத்திரை முடிஞ்சுதா?" என்றும் கேட்கலாம்.

வாரம் ஒருமுறை மாடி ஏறிப் பார்க்கலாம். முட்டையிலிருந்து கொசு வெளிவர ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். தொட்டி மூடி, குழாய் நுழையும் ஓட்டை, டிரம் மூடி ஆகியவற்றைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிணறு இருந்தால் வலை போடலாம். கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீனை மாநகராட்சியே விடுகிறது.

அந்த ராயபுரத்து இளைஞருக்கு இளநீர் கொடுத்ததில் தப்பில்லை. காய்ச்சல்காரருக்குத் தண்ணீர்ச் சத்து தேவைதான். உதட்டுக் கொப்புளம் அடுத்த வாரம் தானாகவே காய்ந்துவிடும், வைரஸ் பழைய நரம்பு முடிச்சுக்கே திரும்பிவிடும். கல்லீரலில் தூங்கும் ஒட்டுண்ணி அப்படித் தானாகப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும். பதினான்காம் நாள் மாத்திரை வரை விழுங்கி முடிக்க வேண்டும்.